ஆராய்ச்சிக்கு ஓர் இடம்

கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் ஒருவர், "நான் உத்தியோகம் தேடப் போவதில்லை, ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால், பெற்றோர் முதலில் கேட்பது, "அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. விஞ்ஞானத்தின் சரித்திரத்தை எழுதுவோர் கண்டுபிடிப்புகளை விரிவாக எழுதுகிறார்கள். கண்டுபிடித்தவருக்கு ஒரு மேசையும், நாற்காலியும், மாதச் சம்பளமும் எவ்வாறு கிடைத்தன என்பதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் ஒரு பெரிய கதை அடங்கியிருக்கிறது. சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு அக்கதை அன்னியமானதும் அன்று. ஏனெனில் ஆராய்ச்சிக்கு இடம் தேடிப் புறப்பட்ட தமிழர் பலர் கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் டில்லிக்கும் போய்ச் சேர்ந்த கதையும் அதுவே.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1857-ஆம் ஆண்டில் சர்வகலாசாலைகள் தோன்றின. சர்வகலாசாலை என்ற பெயர் பெரிதேயாயினும், அவை பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் காரியாலயங்களாகவே நெடுங்காலம் இருந்தன. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. ஆராய்ச்சி எவருடைய வேலையும் அன்று. 1904-ஆம் ஆண்டின் இந்திய சர்வகலாசாலைச் சட்டந்தான் போதனைக்கும் ஆராய்ச்சிக்கும் சர்வகலாசாலையில் முறையாக இடம் வகுத்தது. சட்டத்தில் இடம் வந்துவிட்டது. மனிதர் உட்காருவதற்கான இடம் வந்தபாடில்லை. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் 1909-இல்தான் நிறுவப்பெற்றது. ஆகவே இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் எம்.ஏ. தேறிய கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்ததெல்லாம் ஒன்றுதான்: சர்க்கார் பரீட்சை எழுதி சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தார்கள்.

சென்னை சர்வகலாசாலையில் ஆராய்ச்சிக்கென ஓர் இடம் உண்டானதை ஸ்ரீநிவாச ராமானுஜனின் வாழ்க்கையில் காண்கிறோம். கணிதம் ஒன்றைத் தவிர வேறெதிலும் நாட்டம் இல்லாத அவர் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி எங்கே? நெல்லூர்க் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து உதவினார். அவ்வுதவியை நெடுங்காலம் ஏற்றுக்கொள்ள ராமானுஜனுக்கு மனமில்லை. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் அலுவல் நிமித்தமாகச் சென்னைக்கு வந்தார். அவர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மையாகத் தேறியவர். துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் எழுத்தரின் கணக்குகளை அவரிடம் காட்டினார். வாக்கர் மறுநாளே சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதிவிட்டார்: இவருக்குச் சில ஆண்டுகளேனும் சோற்றுக் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபட வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கணிதப் பாடக்குழு கூடி, இரண்டாண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளிக்கலாம் எனப் பரிந்துரை செய்தது.

இனித்தான் சிக்கல். அத்தகைய உபகாரச் சம்பளத்துக்கு சர்வகலாசாலையின் விதிகளில் வழி இல்லை. அதிலும், பட்டம் பெறாத ஒருவருக்கு! சிண்டிகேட் குழுவினர் இதை ஆராய்ந்து, மூலச் சட்டத்தின் ஒரு பிரிவையும் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவையும் துணையாகக் கொண்டு, கவர்னரின் சம்மதத்துக்கு உட்பட்டு இதைச் செய்யலாம் என்று முடிவு செய்தனர். சம்மதமும் வந்தது. 1913-ஆம் ஆண்டு மே மாதம் முதல் ராமானுஜன் ஆராய்ச்சி மாணவரானார்.

சர்க்கார் விதிகளை மொழிபெயர்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். "இதற்கு விதிகளில் இடமில்லை" என்ற வாக்கியத்தை எத்தனை முறை தமிழில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மொழிபெயர்ப்பதற்கு மிக எளிய வாக்கியம் அது. எழுதி முடித்தால் கோப்பும் முடிந்துவிடும். இடமில்லை என்று எழுதி முடிக்காமல், எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று தேடிய ஒரு குழுவைப் படிக்கும்போது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. அக்குழு தன் கடமையையும் விட்டுவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் வேலையைப் பற்றி ராமானுஜன் அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. மூன்று அறிக்கைகளை அவர் அளித்தார். நிபந்தனைக்காக எழுதப்பட்ட அவ்வறிக்கைகளைக் கணித அறிஞர்கள் பிற்காலத்தில் அச்சிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். மூன்றாம் அறிக்கையை அளித்த சில நாட்களில், 1914 மார்ச்சு 17-ஆம் தேதி, அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அதற்கும் ஆண்டுக்கு 250 பவுன் உதவி அளித்தது இதே சர்வகலாசாலை.

ராமானுஜனுக்குச் சென்னையில் வழி பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, சென்னை இளைஞர் ஒருவர் கல்கத்தாவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டிருந்தார். அவர் சந்திரசேகர வேங்கட ராமன். மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறி, நிதித் துறைப் பரீட்சையில் முதலாவதாக வந்து, 1907-இல் தமது பதினெட்டாம் வயதில் கல்கத்தாவில் உதவிக் கணக்காயத் தலைவராக அமர்ந்தவர். ஒருநாள் டிராம் வண்டியில் போகையில் பௌபஜார் தெரு 210-ஆம் இலக்கத்தில் 'இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம்' என்ற பலகை கண்ணில் பட்டது. இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் டே என்பவர். பின்னாளில் கால் நூற்றாண்டு ராமனுக்குத் துணையாக ஆராய்ச்சிக்கூடத்தில் உழைத்தவர் இவரே.

அச்சங்கத்தை 1876-இல் நிறுவியவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காள வைத்தியர். இந்தியர் தம் சொந்த முயற்சியில் விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய ஒரு கூடம் வேண்டும் என்று நன்கொடை திரட்டிக் கட்டினார். கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, சொற்பொழிவுகள் நடந்தன. ஆராய்ச்சி செய்ய ஆள்தான் வரவில்லை. 1904-இல் அவர் காலமாகும் வரையில் அந்தக் குறை தீரவில்லை. மூன்றாண்டு கழித்து ஆள் வந்தபோது வரவேற்றவர் அவருடைய புதல்வர் அமிர்தலால் சர்க்கார். வந்தவர் வங்காளியா, தென்னாட்டாரா என்று அவர் பார்க்கவில்லை. அதிகாலையிலும், காரியாலயம் முடிந்த பின் இரவு வெகுநேரம் வரையிலும் ராமன் அங்கே வேலை செய்தார். சம்பளம் இல்லை, சாவி கிடைத்தது. அதுவே அவர் பெற்ற முதல் ஆராய்ச்சிப் பதவி எனலாம்.

சர்க்கார் உத்தியோகம் என்றால் மாற்றலும் உண்டல்லவா? 1909-இல் ரங்கூன், 1910-இல் நாகபுரி, 1911-இல் மீண்டும் கல்கத்தா. மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டுகிற குடும்பத்தின் நிலையை நம் நேயர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தர் சர் ஆசுதோஷ் முகர்ஜி, தாரகநாத் பாலித், ராஷ் பிஹாரி கோஷ் ஆகிய இரண்டு வழக்கறிஞர்களின் பெருங்கொடையைக் கொண்டு விஞ்ஞானக் கல்லூரி ஒன்றை 1914-இல் தொடங்கினார். அதில் பாலித் பெயரால் அமைந்த பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு ராமனை அழைத்தார். அங்கேயும் ஒரு விதி குறுக்கே நின்றது: பதவியை ஏற்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ராமன் அதுவரை கடல் கடந்து மேல்நாடு சென்றவர் அல்லர். பதவிக்காகச் செல்லவும் அவர் இணங்கவில்லை. முகர்ஜி விதியைத் தளர்த்தினார். 1917-இல் ராமன் ஏறத்தாழப் பாதிச் சம்பளத்துக்கு சர்க்கார் உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். நிதித் துறையில் அவ்வளவு உயர்ந்த பதவியை உதறிய மகனைப் பற்றி ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம்.

தாம் நுழைந்த கதவைப் பிறருக்கும் திறந்துவைத்தவர் ராமன். இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரையிலும் சென்னையிலும் கற்று, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் ஆய்வுக்கூட விளக்குநராக இருந்தவர். 1920-இல் அவ்வேலையை விட்டுக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். 1923-இல் ராமன் அவரை சங்கத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். ஐந்தாண்டுக்குப் பின், 1928-ஆம் ஆண்டில், ஒளிச்சிதறலில் புதிய விளைவை அறிவித்த முதல் குறிப்பில் ராமனின் பெயருடன் கிருஷ்ணனின் பெயரும் இருந்தது.

அவ்வாண்டின் இறுதியில் கிருஷ்ணன் டாக்கா சர்வகலாசாலையில் ரீடராகச் சேர்ந்தார். அங்கே பௌதிகத் துறையில் இருந்தவர் சத்யேந்திரநாத் போஸ். போஸ் 1924-இல் தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பியதும், அவர் அதைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டதும் யாவரும் அறிந்ததே. அதன் மற்றொரு பயன் அவ்வளவு தெரிந்ததன்று. ஐரோப்பாவில் தங்கி ஆராய்ச்சி செய்ய போஸுக்கு இரண்டாண்டு விடுமுறை தேவைப்பட்டது. ஐன்ஸ்டைனின் கையெழுத்திட்ட ஓர் அஞ்சலட்டையைக் காட்டியதும் சர்வகலாசாலை சம்பளத்துடன் கூடிய விடுமுறையை அளித்துவிட்டது. பரிந்துரைக் கடிதங்களிலேயே மிகச் சிறியது அதுவாகத்தான் இருக்கும்.

1933-இல் ராமன் பெங்களூருக்குச் சென்றபின், கிருஷ்ணன் கல்கத்தாவுக்கே திரும்பி வந்து, சங்கத்தில் மகேந்திரலால் சர்க்கார் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை ஏற்றார். இங்கே சற்றுக் கசப்பான ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். ராமன் தென்னாட்டு மாணவருக்கே சலுகை காட்டுகிறார் என்ற குறை வங்காளத்தில் எழுந்தது. அக்குறை முற்றி, 1934-இல் சங்கத்தின் நிர்வாகத்திலிருந்து அவர் விலக நேர்ந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ராமனிடம் தென்னாட்டு மாணவர் மிகுதியாகச் சேர்ந்தது உண்மை. வேறெங்கும் இடம் இல்லாததால் அவர்கள் அங்கே வந்தார்கள் என்பதும் உண்மை. இடம் குறைவாக இருக்கும் வீட்டில் யார் எந்த ஊர் என்ற பேச்சு எழாமல் இராது. இத்தனைக்குப் பின்னும் கிருஷ்ணன் 1942 வரை அங்கேயே வேலை செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிறகு அலகாபாத்தில் பேராசிரியர்; 1947 முதல் டில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநர். 1961-இல் மறையும் வரை அவர் ஏற்ற பெரும் பதவிகள் அனைத்தும் தமிழகத்துக்கு வெளியிலேதான்.

கதவைத் திறந்தவர் என்று ராமனைச் சொன்னேன். அவர் மூடிய கதவும் ஒன்று உண்டு. 1933-இல் பம்பாய் சர்வகலாசாலையில் சிறப்பாகத் தேறிய கமலா பாகவத் என்னும் மாணவி, பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். கழகத்தின் இயக்குநராக இருந்த ராமன், பெண் என்ற காரணத்தால் மறுத்தார். கமலா விடவில்லை, நேரில் சென்று வாதாடினார். ஓராண்டு தகுதிகாண் மாணவியாக, நிபந்தனைகளுடன் சேர்த்துக்கொள்ளப்பட்டார். வேலையைப் பார்த்தபின் ராமனின் மனம் மாறிற்று. கமலா சோஹோனி என்ற பெயரால் பின்னர் அறியப்பட்ட இவர், 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். தமக்காக ஒரு விதி தளர்த்தப்பட்டதை அறிந்த ஒருவர், பிறருக்கு எழுதாத விதியையே காட்டி மறுத்தார் என்பது வருந்தத்தக்கது. பெரியோரிடம் இதுவும் உண்டு.

அதே கழகத்தில், அதே ராமனிடம், 1940-இல் வந்து சேர்ந்தவர் அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றவர். வைரமும் மாணிக்கமும் ஒளியை ஏற்று உமிழும் தன்மையை ஆராய்ந்தார். படத்தகட்டில் ஒரு நிறமாலை பதிய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரவெல்லாம் கூடத்திலேயே கழிந்த நாட்கள் பல. 1942 முதல் 1945 வரை ஐந்து கட்டுரைகளைத் தம் பெயரில் தனியே வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் அளித்தார். கழகம் அந்நாளில் பட்டம் வழங்குவதில்லை. வழங்கவேண்டியது சென்னை சர்வகலாசாலை. அவரிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி அது மறுத்துவிட்டது.

எஃப்.ஏ. தேறாதவருக்காகச் சட்டப் பிரிவுகளைப் புரட்டிப் பார்த்த அதே சர்வகலாசாலைதான் இது. இடையில் கழிந்தது முப்பத்திரண்டு ஆண்டுகள். 1913-இல் ஆராய்ச்சி புதிது, விதிகள் கொஞ்சம். 1945-இல் விதிகள் நிறைந்துவிட்டன. விதி என்பது பட்சபாதத்தைத் தடுப்பதற்காகவே வருகிறது. கல்கத்தாவில் எழுந்ததைப் போன்ற குறைகளுக்கு அதுதான் மருந்து. மருந்து யாரை வாட்டும் என்பதை முன்கூட்டி அறிய முடிவதில்லை. அன்னா மாணியின் ஆய்வேடு பெங்களூரில் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது. அவர் பௌதிகத்தில் மேலே ஆராய எண்ணியே சர்க்கார் உபகாரச் சம்பளம் தேடினார். கிடைத்ததோ வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்பதற்கானது. கிடைத்ததை ஏற்று லண்டனுக்குச் சென்று, 1948-இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானியும் காற்றுமானியும் வெயில்மானியும் இந்தியாவிலேயே செய்யப்படுவதற்கு அவர் ஆற்றிய பணி பெரிது. அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். டாக்டர் பட்டம் கடைசிவரை இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் சிக்கல் வேறு உருவம் கொண்டது. டாக்டர் பட்டம் பெற்றுவிட்டவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அடுத்தபடி இல்லை. பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, இந்திய சர்க்காரின் உதவியில் லிவர்பூல் சென்று 1948-இல் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின் ஸூரிக் நகரில் ஏறத்தாழ ஓராண்டு சம்பளமின்றி, சேமிப்பைக் கொண்டு காலந்தள்ளி, பேராசிரியர் பிரெலோகிடம் ஆராய்ச்சி செய்தார். 1949-இல் தாய்நாடு திரும்பினார். நாடு பிரிவினையால் நிலைகுலைந்திருந்த காலம். அவருடைய ஊர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. தகுந்த வேலை கிடைக்கவில்லை. இங்கிலாந்துக்கே திரும்பிக் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார், 1952-இல் கானடாவின் வான்கூவரில் இடம் கிடைத்தது, பின்னர் அமெரிக்கா. 1968-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தபோது அவர் அமெரிக்கக் குடிமகனாகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வாறு திரும்பி வந்து திகைத்தவர் ஒருவரல்லர். 1958-ஆம் ஆண்டு மார்ச்சில் பாராளுமன்றத்தில் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானத்தை நேரு படித்தார். அதே ஆண்டில், விஞ்ஞான, தொழில்துறை ஆராய்ச்சிக் கவுன்சிலின் பொறுப்பில் 'விஞ்ஞானிகள் தொகுதி' என ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. வெளிநாட்டிலிருந்து திரும்பும் தகுதியுடையோர், நிலையான வேலை கிடைக்கும் வரை ஒரு சர்வகலாசாலையிலோ ஆராய்ச்சிக்கூடத்திலோ இணைக்கப்படுவர். சம்பளம் தொகுதியிலிருந்து வரும். காலியிடம் இல்லை என்ற பதிலுக்கு இது நல்ல மாற்று. ஆனால் ஒரு கூடத்தில் இணைக்கப்பட்டவர் அக்கூடத்தவர் ஆவதில்லை. கருவியும் உதவியாளும் அங்குள்ளவருக்குப் போக மிஞ்சினால்தான் உண்டு. கல்யாண வீட்டில் எட்டத்து உறவினர் நிலைதான். இலை போடுவார்கள், கலந்து பேசமாட்டார்கள்.

நம் நாளில் இந்த ஏற்பாடுகள் பெருகியிருக்கின்றன. இளம் ஆராய்ச்சியாளருக்கு அகில இந்தியத் தேர்வு உண்டு. டாக்டர் பட்டத்துக்குப் பிந்திய உபகாரச் சம்பளங்களும் பல; அவற்றுக்கு வயது வரம்பும், பட்டம் பெற்ற ஆண்டின் வரம்பும் உண்டு. நம்மவர் பிள்ளைகள் புனேயிலும் ஐதராபாத்திலும் மொகாலியிலும் இரண்டாண்டு, மூன்றாண்டுப் பதவிகளில் இருந்துகொண்டு, அடுத்த இடத்துக்கு விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவ்விண்ணப்பங்கள் பலவற்றுடன் இணைக்கவேண்டிய ஒரு தாள் இருக்கிறது: தம் கூடத்தில் இவரை ஏற்றுக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு விஞ்ஞானி கையெழுத்திட்ட கடிதம். வாக்கரும் முகர்ஜியும் செய்த வேலைக்கு இன்று படிவத்தில் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் பெறுவதற்கு முன்பின் அறியாத பேராசிரியருக்குக் கடிதம் எழுதித்தான் ஆகவேண்டும். தயங்கும் பிள்ளைகளுக்கு, டாக்காவிலிருந்து போஸ் எழுதிய கடிதத்தை நான் நினைவூட்டுவதுண்டு. பதில் வாராத கடிதங்களும் இருக்கும். ராமானுஜனும் ஹார்டிக்கு முன்பே கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவருக்கு எழுதி உதவி பெறாதவரே.

வெளிநாட்டில் பணிபுரியும் இளம் விஞ்ஞானிகளைத் தாய்நாட்டுக்கு அழைப்பதற்காக இந்திய சர்க்கார் ஓர் உபகாரச் சம்பளத்தை ராமானுஜனின் பெயராலேயே ஏற்படுத்தியது. அதற்கு விண்ணப்பிப்பவர் டாக்டர் பட்டமோ அதற்கு ஈடான உயர் பட்டமோ பெற்றிருக்கவேண்டும் என்பது அதன் விதி. ராமானுஜன் படித்துப் பெற்ற பட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் 1916-ஆம் ஆண்டு மார்ச்சில் அவருக்கு அளித்த பி.ஏ.